கப்பல்காரியின் குரல்

தியேட்டரில் அத்தனை பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணி மட்டும் நாற்காலியில் பக்கவாட்டில் திரும்பி, பின்வரிசை ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் திரும்பிய கழுத்துதான். திரையில் கப்பல்கள் மோதின, கிரேக்க வீரர்கள் கொத்துக்கொத்தாகக் கடலில் விழுந்தார்கள், அதன் நீல வெளிச்சம் அண்ணியின் ஒரு கன்னத்தில் மட்டும் வந்து வந்து போனது. காசு கொடுத்துப் படத்துக்கு வந்துவிட்டு இந்தம்மா ஏன் ஆளைப் பார்க்கிறது என்று பக்கத்து சீட்டுக்காரர் எங்களை முறைத்தார். அவருக்கு எப்படித் தெரியும், திரையில் பேசிக்கொண்டிருந்ததே இந்தம்மாதான் என்று.

பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். கிழக்குத் தாம்பரத்தில் அப்பா கட்டிய வீட்டில் நாங்கள் நான்கு பேர். அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அண்ணனுக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை, ஆளைக் கண்ணில் பார்ப்பதே அபூர்வம். நான் கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். அண்ணி வாரத்தில் சில நாள் மின்சார ரயில் பிடித்துக் கோடம்பாக்கம் போய், டப்பிங் ஸ்டுடியோவில் குரல் கொடுத்துவிட்டு வருவார். பெரிய வேடம் எதுவும் இல்லை. சந்தையில் கத்துகிற பெண், தீப்பிடித்த வீட்டில் அலறுகிற பெண், பொம்மைப் படத்தில் ஓர் அணில், பல்பொடி விளம்பரத்தில் ஒரு தாய். அலறிவிட்டு வந்த நாட்களில் மிளகு போட்டு வெந்நீர் குடிப்பார். வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடம் வாசிப்பது யார் என்று முடிவு செய்கிற பொறுப்பும் அவரிடம் இருந்தது. பாடம் என்றால் வேதத்திலிருந்து அன்றைக்குக் குறிக்கப்பட்ட பகுதி. அதை வாசிப்பதற்கென்று எங்கள் கோயிலில் எழுதாத ஒரு ராகம் உண்டு. ராஜா பேசினாலும் சரி, கழுதை பேசினாலும் சரி, ஒரே சீராக, மேலும் ஏறாமல் கீழும் இறங்காமல் போகவேண்டும். வாசிக்கிற ஆள் தெரியக் கூடாது, வசனம்தான் தெரியவேண்டும் என்பார் அப்பா. கல்யாணமாகி வந்த முதல் வருடமே அண்ணியை அவர் மேடைக்கு அனுப்பினார். அந்த ராகம் அண்ணிக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது. மருமகள் வாசிக்கும் ஞாயிறுகளில் அப்பா சட்டையைக் கூடுதலாக ஒரு தேய்ப்புத் தேய்த்துப் போட்டுக்கொள்வார்.

டப்பிங் வேலையையும் அவர் தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "அணிலுக்குப் பேசு, பல்பொடிக்குப் பேசு, எனக்கு ஒண்ணும் இல்லம்மா. துதிக்கிற வாயால சபிக்க மட்டும் வேண்டாம். அப்படித்தான் பேசணும்னா பாடம் வாசிக்கிறத விட்டுடு." கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அப்பா மெதுவாகச் சொன்னதுதான் எங்கள் வீட்டில் சட்டம்.

அந்தச் சமயத்தில்தான் கிரேக்கப் போர்ப் படத்தின் இரண்டாம் பாகம் தமிழில் பேசப்பட வந்தது. முதல் பாகம் தாம்பரத்தில் சக்கைப்போடு போட்டிருந்தது. இதில் எதிரிப் படையின் கப்பல்களை நடத்துகிறவள் ஒரு பெண். தலைகளைச் சீவுகிறாள், தெய்வங்களை ஏசுகிறாள், சாகிறவன் காதில் குனிந்து சாபம் கொடுக்கிறாள். அவளுக்குப் பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, கூட்டத்தில் கத்திக்கொண்டிருந்த அண்ணியைக் கூப்பிட்டு மைக் முன்னால் நிறுத்தினார்கள். அண்ணி பேசி முடித்துவிட்டு வந்து, தாம்பரம் பிளாட்பாரத்தில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார். "மாமாகிட்ட சொன்னா ரெண்டுல ஒண்ணு போயிடும். எது போனாலும் என்னால தாங்க முடியாது." அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. அதே சமயம், அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கமும் வராது போலிருந்தது.

படம் வெளியான வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்குப் போனோம். கூட்டம் முழுக்கக் கல்லூரி விடுதிப் பையன்களும் ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனி ஆட்களும்தான். அவர்கள் வந்தது யாருக்காக என்பது உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. முதல் பாகத்தின் ராஜாவுக்காக. அந்த ராஜா முதல் பாகத்தின் முடிவிலேயே எல்லார் கண்ணெதிரிலும் செத்துப் போனவர். அதனால் என்ன? பார்ட் டூ என்று ஒன்று எடுத்தால் ஹீரோ இல்லாமலா எடுப்பார்கள்? நோட்டீஸ்களையும் டிக்கெட்டையும் பொடிப்பொடியாகக் கிழித்து, ராஜா வருகிற நேரத்தில் வீசுவதற்கு மடியில் குவித்து வைத்திருந்தார்கள். எங்கள் பின்னாலிருந்தவர் தன் நண்பனுக்கு அடித்துச் சொன்னார்: "ராஜா சாவல மச்சான். ரெட்டப் பொறவி ஒண்ணு ஊர்ல கீது, பாரு." நண்பன் ஒப்புக்கொள்ளவில்லை. மகன் வளர்ந்து வருவான், மகனும் அதே நடிகன்தான் என்பது அவன் கட்சி.

ஒவ்வொரு முறை கதவு திறந்து யாராவது நிழலாக வந்தபோதும் நான்கு விசில் பறந்தது. வெளிச்சத்துக்கு வந்ததும் வேறு ஆள் என்று தெரிந்து அடங்கியது. மற்றபடி நேரம் போக்கக் கேலி இருந்தது. வெற்று மார்போடு வரிசையாக நின்ற வீரர்களைப் பார்த்து, சட்டை போடுங்கடா, கடல்காத்து சளி புடிச்சிக்கும் என்றார்கள். ஈட்டி ஒன்று காற்றில் ஆற அமரப் போய்க்கொண்டிருந்தபோது, சீக்கிரம் குத்துடா, கூடுவாஞ்சேரி பஸ்சு போயிடும் என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது. தியேட்டரே சிரித்தது, நானும் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. கப்பல்காரி முதலில் வந்து இரண்டு வாக்கியம் பேசியபோது, "இன்னாடா இது, டீச்சர் மாதிரி பேசுது" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்போது திரும்பிய கழுத்துதான் அது.

இடைவேளையில் அண்ணி சமோசாவைத் தொடவில்லை. இரண்டாம் பாதியில் கிரேக்கர்களின் கப்பல்கள் உடைந்து, மிஞ்சியவர்கள் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு, செத்த ராஜாவின் பேரைச் சொல்லி அழைக்கிறார்கள். தியேட்டரில் சலசலப்பு. இதுதான் நேரம், இப்போது வரவில்லை என்றால் எப்போது வருவான்? மடியில் இருந்த காகிதம் கைக்கு வந்தது. ஆனால் வந்தது கப்பல்காரி. அவள் கத்தவில்லை. தூங்குகிற பிள்ளையிடம் பேசுகிற அளவுக்குத் தணிந்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "உங்கள் மன்னன் இனி வரமாட்டான். காத்திருந்தது போதும். நான் வந்திருக்கிறேன்."

தியேட்டர் அப்படியே அமைதியாகிவிட்டது. அவள் பாறையில் நின்றவர்களிடம் பேசியதாக அங்கே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தங்களிடமே சொல்லிவிட்டதாகத்தான் இருந்தது. பிறகு பின்னாலிருந்த இரட்டைப் பிறவிக்காரர், பெருமூச்சு விட்டு, "அதான் சொல்லிட்டாளேடா, வரமாட்டானாம்" என்றார். அடுத்த நொடி காகிதம் பறந்தது. ராஜாவுக்காகக் கிழித்த அத்தனை காகிதமும் எதிரிக்குப் போனது. அதற்குப் பிறகு அவள் யாரை வெட்டினாலும் விசில்தான். கடைசியில் அவள் சாகும்போது, நம் பக்கம் ஜெயித்துவிட்டது என்று யாரும் கைதட்டவில்லை.

வெளியே வந்து ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக நடந்தபோது அண்ணி கேட்ட ஒரே கேள்வி, "அது கிண்டலா, பாராட்டா?" என்பதுதான். இரண்டும்தான் என்றேன். ஒருவனுக்காகச் சேர்த்து வைத்த ஆசையை, அவன் வரமாட்டான் என்று நேர்மையாகச் சொன்னவளிடம் கொடுத்துவிட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. இப்போது நாங்கள் படம் பார்ப்பது மாலில். அங்கே யாரும் கத்துவதில்லை, காகிதம் கிழிப்பதில்லை. படம் பிடித்ததா என்பதை வீட்டுக்குப் போய்ப் போனில் எழுதுகிறார்கள். அண்ணி மாதிரி ஒருத்தர் இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் இருட்டில் வாய்மூடிய முகங்கள்தான் தெரியும்.

படம் பார்த்த இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பாடம் வாசிப்பது அண்ணியின் முறை. குறிக்கப்பட்ட பகுதியோ ஒரு முற்றுகை. எதிரி அரசனின் ஆள் நகரத்து மதிலுக்கு வெளியே நின்று, உங்கள் கடவுள் உங்களைக் காப்பாற்ற மாட்டார் என்று உள்ளே இருப்பவர்களிடம் வீம்பு பேசுகிற இடம். அண்ணி வழக்கமான ராகத்தில்தான் ஆரம்பித்தார். எதிரி வாயைத் திறக்கும் வசனம் வந்தது. அண்ணியின் குரல் தணிந்தது. ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. வெள்ளிக்கிழமை தியேட்டரில் கேட்ட அதே குரல். கைக்குழந்தைகள்கூட அழவில்லை, மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. கடைசி வரிசை வாலிபர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைப் பார்த்தேன். முன்வரிசையில் அப்பாவின் பின்தலை அசையவே இல்லை.

வேணுமென்று செய்யவில்லை, அந்த வரியைப் பழைய மாதிரி வாசிக்க வாய் வரவில்லை என்று அண்ணி பிறகு சொன்னார். ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, பாடகர் குழு வாலிபர் ஒருவர் முகமெல்லாம் மலர்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், அந்தக் கப்பல்காரி உங்க மருமகதானா? வெள்ளிக்கிழமை தியேட்டரே ஆடிப்போச்சு சார்." நல்ல மனதோடு போட்டு உடைத்தார். அப்பா அவருக்கு நன்றி சொன்னார். பிறகு வீட்டுக்கு ஆட்டோ பிடித்தார்.

மதியம் ஆட்டுக்கறிக் குழம்பு. அப்பாவும் நானும் உட்கார்ந்தோம், அண்ணி பரிமாறினார். இரண்டாவது கரண்டி ஊற்றும்போது அவரே ஆரம்பித்தார். "மாமா, அது நான்தான். உங்ககிட்ட மறைச்சது தப்பு. ஆனா அந்த வேலைய என்னால விட முடியாது. பாடத்துக்கு வேற யாரையாவது போட்டுக்குங்க." சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. எது போனாலும் தாங்க முடியாது என்றவர், போவதைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டார். அப்பாவின் மேல் அன்றைக்கு வந்த மாதிரிக் கோபம் எனக்கு வேறு என்றைக்கும் வந்ததில்லை.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அந்தப் பாடத்த இத்தனை வருஷமா நானும் வாசிச்சிருக்கேன்" என்றார். "அவன் பேசுறதக் கேட்டு ஊரே ஏன் நடுங்குச்சுன்னு எனக்கு ஒரு நாளும் புரிஞ்சதில்லம்மா. இன்னைக்குத்தான் பயமா இருந்துச்சு." அண்ணி கரண்டியோடு அப்படியே நின்றார். "அடுத்த மாசமும் நீயே வாசி" என்று அதே மெதுவான குரலில் சொல்லிவிட்டு, சட்டம் போட்டாயிற்று என்பது போலக் குழம்புக்குத் தட்டை நகர்த்தினார். பிறகு, அந்தக் கப்பல்காரி அப்படி என்னதான் சொல்கிறாள், சொல் கேட்போம் என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழம்புக் கரண்டியைப் பிடித்தபடியே, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்று அந்த மூன்று வாக்கியங்களையும் சொன்னார். அப்பாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. தண்ணீர் எடுத்து ஒரு வாய் குடித்தார். அம்மா இருந்த காலத்திலிருந்தே தியேட்டர் வாசலை மிதிக்காத என் அப்பா, என் பக்கம் திரும்பி, "படம் இன்னும் ஓடுதா?" என்று கேட்டார்.