காக்ஸ் டவுனில் ஒரு மெதுநடை

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பெங்களூரு கன்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கினேன். காட்பாடியிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். காக்ஸ் டவுனுக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். ஓட்டுநர் தமிழர். என் சாக்பீஸ் பையைப் பார்த்துவிட்டு, "டீச்சரா சார்?" என்றார்.

ஓவியன் என்றேன். தோழி ஒருத்தி நிகழ்ச்சிக்காகத் தெருவில் நடக்கப்போகிறாள், அவள் பின்னால் தரையில் கோடு வரைய வேண்டும் என்றும் சொன்னேன்.

"நடக்குறதுக்கு ரயிலேறியா சார் வரணும்?"

நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

கவிதா காக்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்த நடனக்காரி. வண்டிகள் விரட்டும் தெருவில் ஒரு பெண் அவசரமில்லாமல் நடந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவள் நிகழ்ச்சி. வைட்ஃபீல்டில் கணினி வேலை பார்க்கும் மஞ்சுநாத் கூடவே வயலின் வாசிப்பான். போலீஸ் அனுமதி இருந்தது. போக்குவரத்தை மறிக்கக் கூடாது என்றிருந்தார்கள்.

பத்தரைக்கு சர்ச் தாண்டித் தொடங்கினோம். சிலர் நின்று பார்த்தார்கள், பலர் ஹாரன் அடித்தார்கள். பாதித் தெரு போவதற்குள் சர்ச்சிலிருந்து சவ ஊர்வலம் வந்துவிட்டது. முன்னால் வந்த இளைஞர் நேராக மஞ்சுநாத்திடம் போனார்.

"எங்க வீட்ல சாவு. இங்க என்ன கூத்து?"

"சாரிண்ணா, கொத்திரலில்லா" என்று, தெரியாமல் நடந்துவிட்டதாகக் கன்னடத்தில் சொல்லி, மஞ்சுநாத் வயலினைத் தாழ்த்தினான். கவிதா ஓரமாக ஒதுங்கினாள்.

சவ வண்டியை ஒட்டி நடந்து வந்த அம்மாள் நின்றார். இறந்தவரின் மனைவி.

"ஏம்ப்பா நிறுத்திட்ட? எங்க வீட்டுக்காரர் சர்ச் கொயர்ல பாடுனவரு. வாசி."

"எந்தப் பாட்டு ஆன்ட்டி?"

"இப்ப வாசிச்சியே, அதுவே போதும்." கவிதாவிடம் திரும்பினார். "நீயும் நடம்மா. நாங்க பின்னால வர்றோம். சீக்கிரம் போயி என்ன பண்ணப்போறோம்?"

கவிதா மறுபடி நடந்தாள். அவள் வேகத்துக்கே வண்டி உருண்டது. நான் சாக்பீஸைப் பையில் போட்டுவிட்டு ஊர்வலத்தோடு சேர்ந்துகொண்டேன். முனையில் நின்ற கான்ஸ்டபிள் எதிர் வண்டிகளை நிறுத்தினார். அந்த இளைஞர் அம்மாளின் கையைப் பிடித்து நடந்தார்.

கல்லறைக்குத் திரும்பும் இடத்தில் அம்மாள் கவிதாவின் தோளைத் தொட்டார். "போதும்மா. இனிமே நாங்க பாத்துக்குறோம்."

கடைவாசல்களில் நின்றவர்கள் யாரும் கைதட்டவில்லை. கவிதா நடைபாதையில் உட்கார்ந்து அழுதாள்.

மாலை ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தபோது கேட்டாள், "நாம செஞ்சதை நிகழ்ச்சின்னு சொல்லலாமா?"

தெரியவில்லை என்றேன். ரயில் நகர்ந்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரிலும் பாடைக்கு முன்னால் ஆடிக்கொண்டு போகிறார்கள். சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்; அதை யாரும் நிகழ்ச்சி என்று சொன்னதில்லை. அவர்களில் ஒருவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.