நெல்லுக்குள் புதைத்த காணி உறுதி

மாரி தொடங்கினால் காணி உறுதிப் பத்திரங்களைச் சாரனில் சுற்றி நெல்லுக்குள் புதைத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். நெல் ஈரத்தை அண்டவிடாதாம். சூறாவளி அடித்த அந்த வருஷமும் வாப்பா அப்படித்தான் செய்தார். நெல் அறையின் ஓடுகள் பறந்தன. மழை விட்டபின் கிளறிப் பார்த்தால், எனக்கு மூத்தவள் ராத்தாவுக்குச் சீதனம் பேசியிருந்த வீட்டின் உறுதியைத் துளைத்துக்கொண்டு நெல் முளைத்திருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் தங்கள் கூரையை இழந்து எங்கள் வீட்டு மண்டபத்தில்தான் குடியிருந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"பதிவுக் கந்தோரில பிரதி எடுக்கலாம்," என்றார் வாப்பா.

"ஓம், எடுங்க. உறுதி இல்லாத ஊட்டுக்கு மகன அனுப்பேலா. நாங்க அவனுக்கு வேற இடம் பாக்கப்போறம்."

பார்த்தார்கள். அவர்கள் கூரை வேய்ந்து முடியும்வரை எங்கள் பாயிலேயே உட்கார்ந்து, ராத்தா ஆக்கிப் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே பார்த்தார்கள்.