அப்ஜெக்‌ஷன் மேசை

ராமலிங்கம் சாரை முதலில் நான் மிஸ்டரி கெஸ்ட் என்று நம்பினேன். சும்மா நம்பவில்லை. அவருக்காகப் புது பெல்ட் வாங்கினேன். அவர் வருகிற புதன்கிழமைகளில் மட்டும் இரண்டு முறை ஷேவ் செய்துகொண்டேன்.

ஹோட்டல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. மிஸ்டரி கெஸ்ட் என்பவர் தலைமை அலுவலகம் ரகசியமாக அனுப்பும் ஆள். சாதாரண விருந்தினர் மாதிரி வந்து தங்குவார், சாப்பிடுவார், போவார். அதற்குப் பிறகு ரிப்போர்ட் வரும். யார் சிரிக்கவில்லை, யார் தண்ணீர் ஊற்ற மறந்தான், எல்லாம் பேரோடு இருக்கும். அவரைக் கண்டுபிடிக்க எங்கள் மத்தியில் சில அடையாளங்கள் உண்டு. வேலைக்காரர்களின் பேரைத் திரும்பத் திரும்பக் கேட்பார். ஒரே கேள்வியை ஆள் மாற்றிக் கேட்பார். பொறுமையைச் சோதிக்க வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பார். ராமலிங்கம் சாருக்கு மூன்றும் பொருந்தின.

1. ரங்கூன்

மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் எனக்கு எஃப் அண்ட் பி, அதாவது சாப்பாடும் பானமும் கவனிக்கும் பிரிவில், சூப்பர்வைசர் வேலை. புதன்கிழமை சாயங்காலங்களில் எங்கள் பாரில் ஈ கூட உட்காராது. மேனேஜர் சுதாகர் சார் யோசித்து, வாரா வாரம் பொது அறிவு க்விஸ் வைக்கலாம் என்றார். நடத்துவதற்கு வெளியாள் வேண்டாம், “நீதான் வாய் ஓயாம பேசிகினு இருக்கியே, மைக்க நீயே புடி” என்று என் கையில் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் ஜன்னலைப் பார்ப்பவன் நான். இப்போது கேள்வி கேட்கும் இடத்தில் என்னை நிற்க வைத்துவிட்டார்கள்.

விதி எளிது. ஒரு மேசை, ஒரு அணி. பதிலைச் சீட்டில் எழுதிப் பக்கத்து மேசைக்குக் கொடுக்க வேண்டும். நான் சரியான பதிலைப் படிப்பேன், அவர்கள் திருத்துவார்கள். என் பதில் தவறு என்று தோன்றினால் அணியில் ஒருவர் எழுந்து “அப்ஜெக்‌ஷன்” என்று சொல்லலாம். கேட்டுவிட்டு நான் தீர்ப்புச் சொல்வேன். மைக் பிடித்தவன் சொன்னது முடிவு.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து அணிகள் வர ஆரம்பித்தன. அப்படித்தான் கலைவாணி என்ற பெண் தன்னோடு வேலை செய்யும் இரண்டு பேரையும் தன் அப்பாவையும் கூட்டி வந்தாள். அப்பா ராமலிங்கம், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முழுக்கைச் சட்டை, பையில் பேனா, கையில் லைம் சோடா.

முதல் நாளே மியான்மரின் தலைநகர் நேப்பிடோ என்று நான் படித்ததும் எழுந்து நின்றார்.

“அப்ஜெக்‌ஷன். பர்மாவுக்கு ரங்கூன்.”

“அது அந்தக் காலம் சார். இப்ப நேப்பிடோ.”

“யாருப்பா இதெல்லாம் உனக்கு எழுதிக் குடுக்கறது?”

கடன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் குரல். தீர்ப்பைச் சொல்லாமல் ஐந்து நிமிட இடைவேளை அறிவித்தேன். ஸ்டோர் ரூமில் பீர் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று ஃபோனில் தேடினேன். இன்று காலையில் தலைநகரை மறுபடி மாற்றிவிட்டார்களோ என்று பயம். மாற்றவில்லை. வெளியே வந்து, ட்ரெயினிங்கில் சொல்லிக்கொடுத்த சிரிப்போடு, “மன்னிக்கணும் சார், உங்க பதில் தப்புதான்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் வாதாடினார். பிறகு திருப்தியாக உட்கார்ந்தார். தோற்றவர் முகத்தில் அந்தத் திருப்தி எனக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் கிரகங்கள் எட்டு என்றேன். எழுந்து விரல் விட்டு ஒன்பது எண்ணினார். புளூட்டோ வந்தபோது பார் முழுக்க அவரோடு சேர்ந்து எண்ணியது.

பார் கவுண்டரில் இருக்கும் ஏசுதாஸ் என் காதருகே வந்தான். “அண்ணாத்த, அந்தாளு மறுக்கா மறுக்கா என் பேரக் கேக்கறாரு. இன்னா மேட்டரு?”

“அவர்தான்டா” என்றேன்.

“எவரு?”

நான் கண்ணைக் காட்டினேன். அவன் உடனே சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டான்.

அன்றைக்கு அவர் மேசைக்கு எறால் வறுவல் இலவசமாக அனுப்பினேன். நான் கேட்கவில்லையே என்று திருப்பி அனுப்பினார். நேர்மையைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, என் எறால் எங்கே என்று கேட்டார். வேகத்தைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இப்படி எதைச் செய்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் என்னிடம் தயாராக இருந்தது.

2. பார்க்கிங்

அருள் என்று ஒரு இன்ஜினியர். அவனுடைய அணிதான் பெரும்பாலும் ஜெயிக்கும். அவன் மேனேஜரிடம் போய், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பெரியவர் எழுந்து நேரத்தைத் தின்கிறார், நாங்கள் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று புகார் சொல்லிவிட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஒரு புதன்கிழமை க்விஸுக்கு முன்னால் சுதாகர் சார் என்னைக் கூப்பிட்டார். “அடுத்த புதன் அந்தாளு அப்ஜெக்‌ஷன்னு எழுந்தாருன்னா அந்த மேசைய கேன்சல் பண்ணிடு. அந்தப் பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிடு.”

நான் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, அவர் யார் தெரியுமா சார் என்று என் கண்டுபிடிப்பைச் சொன்னேன்.

“மிஸ்டரி கெஸ்ட் போன மாசமே வந்துட்டுப் போயாச்சுய்யா. எல்லாருக்கும் நல்ல மார்க்கு. உனக்கு மட்டும் கம்மி.”

அந்த மாதம் உண்மையான மிஸ்டரி கெஸ்ட்டுக்கு நான் தண்ணீர் கூட ஊற்றியிருக்க மாட்டேன். அதை நினைத்துச் சிரிக்கவும் முடியவில்லை. ஏனென்றால் அடுத்த கேள்வி வந்துவிட்டது. அப்படியென்றால் இவர் யார்?

அன்று க்விஸ் முடிந்ததும் கலைவாணியைப் பார்க்கிங்கில் பிடித்தேன். ராமலிங்கம் சாரைக் காரில் உட்கார வைத்துப் சீட் பெல்ட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அவரே மாட்டிக்கொள்ளவில்லை, அவள் மாட்டினாள். ஆனாலும் மேனேஜர் சொன்னதைச் சொல்லி முடித்தேன்.

அவள் காரின் கதவைச் சாத்திவிட்டுத் தள்ளி வந்தாள்.

“அப்பாவுக்கு மறதி நோய்ண்ணா. ஏறிகினே போவுது. எதிர்த்துப் பேசாதீங்க, பதட்டமாவாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதனால வூட்ல அவரு எது சொன்னாலும் நாங்க தலையாட்டறோம். அம்மா கூட. செத்துப் போன அத்தைய வரச் சொல்லுன்னு அவரு சொன்னா, அம்மாவும் சரி சொல்றேன்னுதான் சொல்லுவாங்க.”

காருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“கொஞ்ச நாள்ல அவரு பேசறதையே வுட்டுட்டாரு. எல்லாரும் ஆமாம் ஆமாம்னா அப்புறம் என்னாத்தப் பேசறது? இங்கதாண்ணா அவர தப்புன்னு சொல்ல ஒரு ஆள் கீது. புதன்கிழமை வூட்டுக்குப் போறவரைக்கும் பேசிகினே வருவாரு. உங்கள திட்டிகினே வருவாரு.”

என்னைத் திட்டுவதை இவ்வளவு நன்றியோடு யாரும் சொன்னதில்லை. மேசை போகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

3. திரும்பி வந்தவை

வேலை முடிந்து ஊரப்பாக்கத்து வீட்டுக்கு மின்சார ரயிலில் போகும்போது யோசனை வந்தது. அவர் எழுந்து நின்றால்தானே மேசை போகும்? அவர் எழுதும் பதில் சரியாகவே இருந்துவிட்டால் எழ மாட்டாரே. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பழைய உலகம். ஆனால் உலகத்தில் சில விஷயங்கள் மாறிப்போய், மறுபடி பழைய இடத்துக்கே வந்திருக்கின்றன. அவற்றை மட்டும் வைத்து ஒரு சுற்று. யாருக்கும் துரோகம் இல்லை, எல்லாம் நியாயமான கேள்வி.

இந்திய மாநிலங்கள் இருபத்தெட்டாக இருந்து, இருபத்தொன்பதாகி, மறுபடி இருபத்தெட்டு. இது ஒன்று. அடுத்தது எனக்கு ரொம்பப் பெருமை. அவர் மேலாளராக இருந்த நாளில் இந்தப் பகுதி முழுக்கச் செங்கல்பட்டு மாவட்டம். பிறகு காஞ்சிபுரம் மாவட்டம் ஆயிற்று. இப்போது பிரித்து, மறுபடி செங்கல்பட்டு மாவட்டம். பழையதைச் சொன்னாலும் சரி, புதியதைச் சொன்னாலும் சரி. அவர் எப்படித் தப்ப முடியும்? கூடுவாஞ்சேரியில் ஏறிய ஒருவர் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து வேறு இருக்கைக்குப் போனார்.

அந்தப் புதன் சுதாகர் சார் வாசலிலேயே நின்றிருந்தார். மாநிலக் கேள்வி வந்தது. ராமலிங்கம் சாரின் அணிக்குச் சரி விழுந்தது. அவர் எழவில்லை. லைம் சோடாவைக் குடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தபடி இருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி அடுத்ததைக் கேட்டேன்.

“நாம இப்ப உட்கார்ந்திருக்கிற இந்த இடம் எந்த மாவட்டம்?”

பாரில் சிரிப்பு எழுந்தது. இதெல்லாம் ஒரு கேள்வியா என்று யாரோ சொன்னார்கள். சீட்டுகள் கைமாறின. நான் படித்தேன். செங்கல்பட்டு.

ராமலிங்கம் சார் எழுந்தார்.

“அப்ஜெக்‌ஷன். காஞ்சிபுரம் மாவட்டம்.”

மறதி ஒரே வருஷத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அன்றைக்கு அவர் எனக்கு வேண்டிய வருஷத்தில் இல்லை. இரண்டு செங்கல்பட்டுக்கும் நடுவில் இருந்த வருஷங்களில் இருந்தார்.

மேனேஜர் வாசலை விட்டு ஓரடி உள்ளே வந்தார். “இரண்டு பதிலும் சரி” என்று சொல்லிவிட்டால் போதும், அவர் உட்கார்ந்துவிடுவார், மேசை நிற்கும். சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். கலைவாணி என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் நிமிர்ந்திருந்தது. என் பதிலுக்காகக் காத்திருந்தது. நானும் தலையாட்டினால் அவருக்கு இன்னொரு வீடுதான் கிடைக்கும்.

“தப்பு சார்” என்றேன். “செங்கல்பட்டு இப்ப தனி மாவட்டம்.”

“யாரு பிரிச்சது?”

“கவர்மெண்ட் சார்.”

“எங்கிட்ட கேக்காமயா?”

பாரில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்போது அருள் எழுந்தான். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவன் சங்கடமாகத் தலையைச் சொறிந்தான்.

“அண்ணா, நாங்களும் காஞ்சிபுரம்னுதான் போட்டுகிறோம். என் ஆதார்ல அப்டிதான் கீது.”

பர்ஸிலிருந்து கார்டை எடுத்துக் காட்டினான். சிங்கப்பெருமாள் கோயில், காஞ்சிபுரம் மாவட்டம். ஓரத்து மேசையில் இன்னொருவர், நாங்களும்தான் என்று எழுந்தார். வேறொரு மேசையில் ஒரு பெண் தன் லைசென்ஸை உயர்த்தினாள். மாவட்டம் பிரிந்து வருஷங்கள் ஆகியும் இந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் கார்டை மாற்றவில்லை. தினமும் செங்கல்பட்டு மாவட்டத்தில் எழுந்து, காஞ்சிபுரம் மாவட்டக் கார்டோடு வேலைக்குப் போகிறார்கள். கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஏசுதாஸும் கையைத் தூக்கினான். அவன் எந்த அணியிலும் இல்லை.

ராமலிங்கம் சார் மேசை மேசையாகப் போனார். ஒவ்வொரு கார்டையும் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கவனமாகத் திருப்பிக் கொடுத்தார். அருளின் கார்டைக் கொடுக்கும்போது அவன் தோளைத் தட்டினார். பிறகு என் எதிரில் வந்து நின்றார்.

“இன்னும் எத்தன சாட்சி வேணும் உனக்கு?”

“எத்தன பேரு வந்தாலும் தப்பு தப்புதான் சார்.”

“இவனுக்கு எவன் வேலை குடுத்தான்?” என்று பார் முழுவதையும் கேட்டார். வேலை கொடுத்த சுதாகர் சார் அங்கேதான் நின்றிருந்தார். ஒரு மேசையை எடுக்க வந்தவர், அப்ஜெக்‌ஷன் சொல்லி நின்றுகொண்டிருந்த மேசைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கிச்சனில் வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விட்டார்.

மைக் பிடிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எதிரில் நிற்பவர் மேல் பரிதாபப்பட்டுக் கேள்வியை வளைக்காதீர்கள். நான் வளைத்தேன், அது வளைந்தும் எனக்கு உதவவில்லை. தப்பு என்றால் முகம் பார்த்துத் தப்பு என்று சொல்லுங்கள். அவர் பேசி முடிக்கும் வரை நின்று கேளுங்கள்.

காஞ்சிபுரம் என்று எழுதிய யாருக்கும் அன்று மதிப்பெண் கொடுக்கவில்லை. அருளின் அணி முதலிடத்தை இழந்தது. கலைவாணியின் மேசை கடைசியாக வந்தது. அடுத்த புதனும் அவர்கள் வந்தார்கள், ஐப்பசி மழை பிடிக்கும் வரை தவறாமல் வந்தார்கள். அதற்குப் பிறகு அவரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை.