மாரிசெல்வி கண்டுபிடித்த முற்றம்

கோவில்பட்டி மாரிசெல்விக்கு ஒரகடம் தொழிற்சாலையில் மூன்று வருடமாக வேலை. ஆனால் சம்பளம் ஒப்பந்தக்காரரிடம். வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கும் விடுதியைப் பெருக்கித் துடைப்பாள். தீபாவளியோடு ஒப்பந்தம் முடிகிறது. நல்ல யோசனை சொல்லிப் பரிசு வாங்குகிறவர்களைக் கம்பெனியே நேரடி வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

செப்டம்பரில் விடுதியில் தீ ஒத்திகை நடந்தது. சங்கு ஊதினால் நடு முற்றத்தில் கூட வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் பத்துப் பேரும் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். பலகையில் இருந்தது தமிழ், இந்தி, இங்கிலீஷ். “நாலு தேசத்துக்கு நாலு பலகையா வைக்கிறது?” என்று அதிகாரி எரிந்து விழுந்தார்.

மாரிசெல்விக்குப் பொறி தட்டியது. விடுதிக்கு நடுவே துணி காயப்போடும் திறந்தவெளியை ரஷ்யாக்காரர் ‘த்வோர்’ என்பார். ஸ்லோவாக்கியரும் பல்கேரியரும் அப்படியே. செக் நாட்டுக்காரர் மட்டும் ‘த்வூர்’ என்று கொஞ்சம் இழுப்பார். நம்ம ஊர்ல ஒரே முத்தத்தச் சுத்தி இருக்க ஒரு வளவு ஆளுங்க பேசுற மாதிரியில்லா இருக்கு! அன்றைக்கே நால்வரிடமும் கையைக் காட்டிக் கேட்டு, சோப்பு அட்டையின் உட்புறத்தில் அவரவர் எழுத்தில் எழுதி வாங்கினாள். எழுத்து இரண்டு விதம், சொல் ஒன்று. ஒரே பலகை போதும்.

யோசனைப் படிவத்தில் நிரந்தரத் தொழிலாளியின் எண் வேண்டும். மேலே அவர் எண், கீழ்வரியில் யோசனை சொன்ன ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர். அதுதான் அங்கே வழக்கம். அவள் குடியிருந்த மண்ணூர் வீட்டுக்காரர் மகன் லோகேஷ் நிரந்தரம். அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்புக்குக் கிண்ணத்தோடு வந்து நிற்பவன்.

“குடு அந்த அட்டைய. நான் பாத்துக்கிறேன்க்கா.”

“எம் பேர மறந்துராத தம்பி.”

“இன்னாக்கா நீ? உன்ன மறப்பனா?”

அக்டோபரில் பரிசு அறிவித்தார்கள். மேடையில் லோகேஷ் மட்டும் நின்றான். கீழ்வரி காலி.

மாரிசெல்வி நேராக அலுவலகத்துக்குப் போனாள். மேனேஜர் பிரவீனா அவனைக் கூப்பிட்டார்.

“இந்த யோசனை இவங்க சொன்னதா?”

லோகேஷ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “ரூம் பெருக்குறவங்க மேடம். அட்டை எடுத்தாந்து குட்த்தாங்க, அவ்ளோதான்.”

“ரூம் பெருக்குதவளா? நேத்து வரைக்கும் அக்கான்னியே ல!”

“படிவத்துல பேர் இல்லம்மா,” என்றார் பிரவீனா. “நான் என்ன பண்ண முடியும்?”

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் லோகேஷ், பக்கத்து சீட்டில் பையை வைத்துப் பிடித்திருந்தான்.

“அக்கா, உனக்குத்தான் இடம் போட்டு வெச்சிகினு கீறேன். வா, குந்து.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு மண்ணூர் வரை நின்றாள். இறங்கியதும் வீட்டுக்காரரிடம் போய், மாதக் கடைசியில் அறையைக் காலி செய்வதாகச் சொன்னாள்.