என் தாடையிலேயே வைத்திருந்தான்

முன்பற்கள் போன அன்றைக்கு முகத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, சகோதரிகளே. இனி ஓதிக் கொடுக்க முடியாதே என்றுதான் அழுதேன். சங்கரன்கோவிலில் எங்கள் தெருப் பெண்களுக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் ஓதிக் கொடுப்பவள் நான். நாக்கு நுனி மேல்பல்லில் பட்டால்தான் சில எழுத்துகள் சரியாக வரும். என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த பிறகு அந்த எழுத்துகளெல்லாம் வெறும் காற்றாகப் போயின. கழற்றி மாட்டும் பல்செட் ஓத ஓத ஆடியது. நான் தப்பாகச் சொன்னால் அத்தனை பேரும் தப்பாக ஓதுவார்களே! வகுப்பை நிறுத்திவிட்டேன்.

சில வருஷம் அப்படியே போனது. எலும்பில் திருகாணி இறக்கிப் பல் கட்டலாம் என்று கேள்விப்பட்டு, போன ரஜப் மாதம் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ரமலானுக்கு இரண்டே மாதம், அதற்குள் ஓதிக் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். அவர் தாடையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"அக்கா, மேல்தாடை எலும்பு மெலிஞ்சு பொரி மாதிரி இருக்கு. இதுல இப்ப ஊணுனா நிக்காது, ஆடிரும்."

முதலில் எலும்புத் தூள் வைத்து வளர்க்க வேண்டுமாம். அது ஏதோ பிராணியின் எலும்பாம். எந்தப் பிராணி, எப்படி அறுத்தது, ஹலால்தானா? என் மனசு ஒப்பவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வேறோர் இடத்தில் ஒரே நாளில் பல் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். எங்கே போவது? நல்லது எதுவோ அதைக் காட்டு ரப்பே என்று இஸ்திகாரா தொழுதேன். கனவில் பதில் வரும் என்று படுத்தேன். ஒரு கனவும் வரவில்லை. காலையில் புலம்பியபோது வீட்டுக்காரர் சிரித்தார்.

"கனவு எங்கன வரும்? நீதான் விடிய விடிய குறட்டை விட்டியே."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அந்த ஒரே நாள் பல்லுக்கே கிளம்பிவிட்டேன். அங்கே ஸ்கேனை நீட்டினால், அதெல்லாம் தேவையில்லை என்று உறையைப் பிரிக்காமலே மேஜையில் போட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. எலும்பு தாங்குமா என்று பார்க்காமலா ஊன்றுவார்கள்? ஸ்கேனை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

நேரே டாக்டரம்மாவிடம் போய் அந்தத் தூள் எனக்கு ஆகாது என்று சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. அதே ஸ்கேனை மறுபடி கையில் வாங்கி, இந்தத் தடவை மோவாய்ப் பக்கம் நிதானமாகப் பார்த்தார்.

"இங்கன எலும்பு நல்லா கெட்டியா இருக்கு. உங்க எலும்பையே எடுத்து மேல வச்சிருவோம். தூளே வேண்டாம்."

அல்ஹம்துலில்லாஹ்! எனக்கு வேண்டியதை அல்லாஹ் என் தாடையிலேயே வைத்துவிட்டு, என்னை அலையவிட்டுக் காட்டினான்.

அந்த ரமலானில் என்னால் ஓதிக் கொடுக்க முடியவில்லை. எலும்பு ஒட்ட வேண்டும், பிறகு திருகாணி பிடிக்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருந்தேன். பல் மாட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கருவியை வைத்து உறுதியைச் சோதித்தார். சிக்கென்று நிற்கிறது என்று அவர் சொன்னதும் அந்த நாற்காலியிலேயே அழுதேன். இன்றும் என் ஒவ்வொரு துஆவிலும் அந்த டாக்டரம்மா இருக்கிறார்.

சகோதரிகளே, அவனிடம் கேட்டுவிட்டுக் கனவுக்காகக் காத்துக் கிடக்காதீர்கள். எழுந்து நடங்கள். போகக் கூடாத இடத்தில் அவனே மனசைத் திருப்பிவிடுவான்.

நேற்று அஸருக்குப் பிறகு, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறி என் பின்னால் எல்லோரும் ஓதினார்கள். ஒரு எழுத்து பிசகவில்லை. நான் கேட்டது இதைத்தானே, ரப்பே.