வேலி நெடுக்காக நின்றது

உட்துறைமுகக் கரையில் இருந்த எங்கள் வளவு போர்க்காலத்தில் படைமுகாமுக்குள் போனது. அப்பா பிரித்துத் தந்தபடி கிழக்குப் பாதி எனக்கு, தென்னை பதினொன்று. மேற்குப் பாதி தம்பிக்கு. தென்னை ஒன்பதும் கிணறும். காணியைக் கேட்டு இருவரும் ஒன்றாகவே மனுக் கொடுத்தோம், ஒன்றாகவே அரசாங்கக் கச்சேரி வாசலில் காத்திருந்தோம். ஒரு பிளேன்ரீ வாங்கிப் பாதி பாதியாகக் குடித்த நாட்களும் உண்டு.

மூன்று வருடங்களுக்கு முன் முகாமிலிருந்து சொல்லியனுப்பினார்கள்: பாதிக் காணியை விடுகிறோம், எந்தப் பாதி என்று வந்து காட்டுங்கள். எனக்கு அப்போதுதான் கண்ணில் வெண்படலம் எடுத்திருந்தார்கள். ஒரு மாதம் வெளியே போகக் கூடாது.

"வேலியைக் குறுக்காலை போடச் சொல்லு தம்பி. ரெண்டு பேருக்கும் அரைவாசி அரைவாசி வரும்."

"ஓம் அண்ணை. இதையும் நீங்கள் சொல்லித் தரவேணுமே?"

மாதம் முடிந்ததும் உப்புவெளியில் மகள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போனேன். வேலி நெடுக்காக, எங்கள் இரண்டு பாதிக்கும் நடுவால் நின்றது. தம்பியின் ஒன்பது மரமும் வெளியே. என்னுடைய பதினொன்றும் முகாமுக்கு உள்ளே. பார்வை இன்னும் சரியாகவில்லையோ என்று மரங்களைத் திரும்பவும் எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான்.

தம்பி ஒரு தகரக் கொட்டிலும் போட்டிருந்தான்.

"மற்றப் பாதியையும் பிறகு விடுவினமாம்," என்றான், கிணற்றைப் பார்த்துக்கொண்டு.

"நீ குறுக்காலை எண்டு கேட்டனியோ?"

"குறுக்காலை போட்டால் கிணறு உள்ளுக்குப் போயிடும், அண்ணை. தண்ணி இல்லாத வளவை வைச்சு என்ன செய்யிறது?"

"கேட்டனியோ, இல்லையோ?"

கொட்டிலுக்குள்ளிருந்து அவன் மனைவிதான் பேசினாள். "அத்தான், மரம் எண்ணினது போதும். தேத்தண்ணி ஆறுது."

நான் குடிக்கவில்லை.

மற்றப் பாதியை இன்னும் விடவில்லை. என் மரங்களில் ஒன்று வேலிக்கு மேலால் தம்பி பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதிலிருந்து விழுவதைப் பொறுக்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்கு வருவான்.

"உங்கட மரத்துத் தேங்காய், அண்ணை. எங்கட பக்கம் விழுந்தது. எண்ணிப் பாருங்கோ."

போன கிழமை ஐந்து கொண்டுவந்தான். அந்த மரத்தில் ஒரு குலைக்கு எட்டுக்குக் குறைந்து நான் கண்டதில்லை. மகள் வாங்கிக் குசினிக்குள் வைத்தாள். அவன் சைக்கிளைத் திருப்பும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.