மலரக்கா தண்ணீர் குடிக்காத வீடு

மலரக்கா இறந்த செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. பிளாக்ஹவுஸ் பே பகுதியில் ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தபோது வாட்ஸப்பில் பார்த்தேன். அம்மா இன்று காலை காலமானார் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. நான் நம்பவில்லை. துக்கத்தில் மனம் நம்ப மறுக்குமே, அது இல்லை. யாரோ அவர் போனைக் களவாடி ஏதோ மோசடி செய்கிறார்கள் என்று நிஜமாகவே நினைத்தேன். அந்தப் புத்தி அவர் கொடுத்ததுதான். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்பவனை அவன் அப்பா பெயர் வரை விசாரித்து ஓடவைத்தவர் அவர். அந்த எண்ணையே கூப்பிட்டேன். மகள் எடுத்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள், ஆனால் அழுகைக்கு நடுவே ‘அம்மா’ என்ற சொல் மட்டும் மலரக்காவின் குரலிலேயே வந்தது. அப்போதுதான் நம்பினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராசமலர் யாழ்ப்பாணத்துக்காரர். வீடு வீடாகக் காரோட்டிப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை எடுத்துக் கொடுத்து, அடுத்த வீட்டுக்குக் கிளம்பும் கெயர்கிவர். நம் தமிழ்ச் சங்க இதழில் இதை வாசிக்கும் உங்களில் பலருடைய பெற்றோரின் முதுகு உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவரை அன்பின் வடிவம் என்றீர்கள். எனக்குத் தெரிந்த மலரக்கா சந்தேகத்தின் வடிவம். நானும் அதில் குறைந்தவள் அல்ல. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள், எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்த பிறகு, ஹில்ஸ்பரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பராமரிப்பு நிறுவனத்திலிருந்து மலரக்காவை அனுப்பினார்கள். அவர் வரத் தொடங்கியபோது நான் ஊரில் இருந்தேன், அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் கணவர்தான் அந்த நாட்களில் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டார். “சிலோன்கார அம்மா ஒருத்தங்க வர்றாங்க. நல்லா செய்றாங்க. அதிகம் பேச்சு கிடையாது” என்று போனில் சொன்னார். நான் திரும்பி வந்து பார்த்தபோது, அதிகம் பேச்சு கிடையாது என்பது பொய் என்று தெரிந்தது. மாமாவோடு வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டே வேலை செய்தார். என் கணவர் அறைக்குள் வந்தால் மட்டும் பேச்சு நின்றது.

முதல் நாள் நான், “வெந்நீர் சரியா இருக்கு அக்கா, இப்பதான் பார்த்தேன்” என்றேன். “நீங்கள் பாத்தது உங்கட கைக்கு” என்று சொல்லிவிட்டுத் தன் முழங்கையை நனைத்துப் பார்த்தார். ஷவர் நாற்காலியின் சக்கரப் பூட்டைப் போட்டுவிட்டேன் என்றேன். அதையும் உதைத்துப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கோவிக்காதேங்கோ தங்கச்சி. சொன்னதை நம்பி ஒருத்தரைக் கீழ விழுத்தினா, சொன்ன ஆள் வந்து தூக்கமாட்டார்” என்றார். அது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம், நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

வேலை முடிந்ததும் காபி கொடுத்தேன். வேண்டாம் என்றார். மறுநாள் டீ. வேண்டாம். வெயில் கொளுத்திய ஒருநாள் வெறும் தண்ணீரை நீட்டினேன். கையைக் கூப்பி, “வேண்டாம் தங்கச்சி” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கமாட்டார்கள் என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டு வளர்ந்தவள் நான். அதில் எங்கள் வீடு எந்தப் பக்கம் என்பதும் எனக்குத் தெரியும். கடல் கடந்து வந்தும் இது விடவில்லையா என்று வயிறு எரிந்தது. சும்மா விடவில்லை, பரீட்சை வைத்தேன். பொங்கலன்று ஒரு டப்பாவில் வெண்பொங்கல் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். குப்பைக்குத்தான் போகும் என்று நினைத்தேன். அடுத்த முறை வந்தவர் டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொடுத்து, “மிளகு காணாது, இன்னும் போடவேணும். நெய்யில கஞ்சத்தனம் இல்லை” என்றார். மகள் சாப்பிட்டுச் சொல்லியிருப்பாளோ என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

ஊரில் நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். இங்கே அந்தப் படிப்பு எங்கேயும் விலை போகவில்லை. நான் மாமாவைக் கட்டிலில் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மலரக்கா ஒருநாள், “உமக்குக் கார் ஓடத் தெரியுமோ?” என்றார். தெரியும் என்றேன். “பிறகென்ன, சேரும். எங்களுக்கு ஆள் காணாது.” நீங்கள் என்பது நீர் ஆனது அன்றைக்குத்தான். என் தோழிகள் எச்சரித்தார்கள். யாருக்கும் வேண்டாத வீடுகளை உன் தலையில் கட்டத்தான் கூப்பிடுகிறாள் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவரிடமே கேட்டுவிட்டேன். “ஓம், கட்டத்தான் போறன். ஒனிஹங்காவில ஒரு கிழவர் இருக்கிறார், தண்ணியக் கண்டாலே கத்துவார். அவரை உமக்குத்தான்” என்றார் கூசாமல். உண்மையிலேயே பிறகு அவரைத்தான் என்னிடம் கொடுத்தார்கள்.

பயிற்சி முடித்தேன், சான்றிதழ் வாங்கினேன். சக மாணவிகள் ஒருவரையொருவர் நோயாளியைத் தூக்கும் பொறியில் தொங்கவிட்டுச் சிரித்துப் பழகியதெல்லாம் வகுப்பில் நன்றாகத்தான் இருந்தது. வகுப்பில் சொல்லாத ஒன்றை முதல் நாள் வேலையில் தெரிந்துகொண்டேன். காலையில் வழக்கம்போல இரண்டு டம்ளர் காபி. முதல் வீட்டுப் பாட்டி அன்பாக ஊற்றித் தந்த டீ. இரண்டாவது வீடு முடிந்து காரில் ஏறியபோது அடிவயிறு கனத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் போனில் உள்ள ஆப் குறித்துக்கொண்டே இருக்கும், தாமதிக்க முடியாது. பெட்ரோல் பங்கில் கழிவறை கேட்டேன், பழுதாகிவிட்டது என்றான். ஒனிஹங்காவில் பொதுக் கழிவறையைத் தேடினால் காரை நிறுத்த இடமில்லை. கண்ணில் நீர் முட்டியது. முதல் நாளே உள்ளே போய்க் கேட்கக் கூசி, தண்ணீரைக் கண்டால் கத்தும் கிழவரின் வீட்டு வாசலில் நின்று மலரக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள், “காலமை என்ன குடிச்சனீர்?” என்றார். சொன்னேன். “விசரே உமக்கு?” பைத்தியமா என்று அதட்டிவிட்டு, “லைப்ரரிக்குப் போம். பின்பக்கம் கார் விடலாம். கிழவருக்கு நான் சொல்லுறன்.” போய்விட்டு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டில் வேண்டாம் என்று கூப்பிய கைகள் அப்போதுதான் புரிந்தன.

அன்று சாயங்காலம் மனுக்காவ் கடற்கரையில் இரண்டு கார்களையும் அருகருகே நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தோம். “வேலை செய்ற வீட்லயே கேட்டா என்ன அக்கா? வேணாம்னா சொல்லப் போறாங்க?” என்றேன்.

அவர் கடலைப் பார்த்தபடி சொன்னார். “ஒரு வீட்டில கேட்டனான். போகச் சொன்னவை. நான் கதவைத் திறந்து வெளிய வரேக்க பிளீச் போத்தலோட நிண்டவை. நான் பாத்துக்கொண்டு நிக்கவே ஊத்தினவை.”

“வெள்ளைக்காரங்களா?”

“இல்லை. தமிழ் ஆக்கள்.”

“யாரு?”

“சொன்னா நீர் அங்க வேலைக்குப் போகமாட்டீர்.”

“நீங்க அப்புறம் போனீங்களா அக்கா, அந்த வீட்டுக்கு?”

“போகாமல்? அந்த மனிசனுக்கு ஆர் குளிக்க வாக்கிறது?”

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. பிறகு எத்தனையோ முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றினார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட அந்த மனுஷி, சந்தேகமே இல்லாமல் தெரிந்த ஒன்றை மட்டும் கடைசிவரை வாயிலேயே வைத்துக்கொண்டார்.

என்னால் அப்படி இருக்க முடியவில்லை. அன்றிலிருந்து நான் உங்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். கோயிலில் பிரசாதம் வாங்கும் வரிசையில் முன்னால் நிற்பவரின் கையைப் பார்த்து, இந்தக் கையாக இருக்குமோ என்று நினைத்திருக்கிறேன். வேலைக்குப் போன தமிழ் வீடுகளில் கழிவறை அலமாரியை நோட்டம் விட்டிருக்கிறேன். எல்லா வீட்டிலும் பிளீச் இருந்தது. என் வீட்டிலும் இருந்தது.

ஒரு தீபாவளிக்கு, வேலையில்லாத நாளாகப் பார்த்து மலரக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். புதுப்புடவையில் வந்தார். வடையை, பாயசத்தை, மாமாவின் தட்டிலிருந்த அதிரசத்தைக்கூட விடவில்லை. தண்ணீரும் குடித்தார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் சட்டென்று எழுந்து, “வாறன் தங்கச்சி” என்றார். நான் காதோடு, “நம்ம பாத்ரூமுக்கே போங்க அக்கா” என்றேன். அவர் என் தோளுக்கு மேலாகக் கூடத்தைப் பார்த்தார். அங்கே என் கணவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லை, வீட்ட போறன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கணவரிடம் கேட்டேன். “மலரக்காகிட்ட நீங்க எப்பவாவது எதாவது சொன்னீங்களா?”

“நான் என்ன சொல்லப் போறேன்? அவங்ககிட்ட நான் பேசுறதே இல்லையே” என்றார். பதில் ரொம்ப வேகமாக வந்தது போலிருந்தது. கழிவறை என்றோ பிளீச் என்றோ நான் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர் முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

சிறுநீர்த் தொற்று மலரக்காவுக்கு வந்து வந்து போனது. கடைசியில் சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது. சர்க்கரையும் இருந்தது, வயதும் ஆனது, டாக்டர்கள் பல காரணம் சொன்னார்கள். குடிக்காத தண்ணீர்தான் அவரைக் கொண்டுபோனது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சந்தேகப்பட மட்டும் உரிமை உண்டு.

மருத்துவமனையில் பார்க்கப் போனபோது, படுத்தபடியே கட்டிலின் சக்கரப் பூட்டைச் சரிபார்க்கச் சொன்னார். நர்ஸ் போட்டுவிட்டாள் என்றேன். “பூட்டுப் போட்டதை நீர் பாத்தனீரோ?” என்றார். குனிந்து பார்த்தேன், போட்டுத்தான் இருந்தது. ஒரு குவளை தண்ணீர் கொடுத்தேன். முழுவதையும் குடித்தார். இன்னொன்று கேட்டார், அதையும் குடித்தார். பிறகு பக்கத்துக் கதவைக் கண்ணால் காட்டி, “இஞ்ச பக்கத்திலயே இருக்கு. கேக்கத் தேவையில்லை” என்றார். நான் அழுதேன். “ஏன் அழுறீர்? வீட்டில என்னவும் பிரச்சினையோ?” என்று என்னையே கூர்ந்து பார்த்தார். இல்லை என்றேன். அதை அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது.

இரங்கல் கூட்டத்தில் நீங்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒன்றையே சொன்னீர்கள். எத்தனை வருஷம் வந்தார், ஒரு வாய் தண்ணீர் கேட்டதில்லை, என்ன கட்டுப்பாடு, என்ன ஒழுக்கம் என்றீர்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் எழுந்திருக்கவே இல்லை. தலை குனிந்திருந்தார். துக்கத்தில் தலை குனிந்தால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மலரக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இரண்டு. போட்ட பூட்டை மறுபடி உதைத்துப் பார்ப்பது ஒன்று. இன்னொன்று அவரே செய்யாதது. புது வீட்டுக்கு வேலைக்குப் போனால், பையைக் கீழே வைக்கும் முன்பே பாத்ரூம் எங்கே என்று உரக்கக் கேட்கிறேன். பதில் சொல்பவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்கிறேன்.

போன வாரம் மாமாவுக்குப் புது கெயர்கிவர் வந்தார். நான் யாருடைய மாமனாரையோ குளிப்பாட்டப் போக, என் மாமனாரைக் குளிப்பாட்ட இன்னொருவர் வருகிறார், உலகம் அப்படி ஓடுகிறது. டோங்கா நாட்டுப் பெண்மணி, வாய் நிறையச் சிரிப்பு. மணி அடித்ததும் என் கணவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். நான் சமையலறையில் நின்றிருந்தேன். என் கணவர் வந்தவருடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்த அம்மா ஷூவைக் கழற்றுவதற்குள் அவரே ஆங்கிலத்தில் சொன்னார், “டாய்லெட் இடது பக்கம், இரண்டாவது கதவு. எப்போது வேண்டுமானாலும் போங்கள். கேட்க வேண்டாம். தயவுசெய்து.” அந்த அம்மா கொஞ்சம் திகைத்து நன்றி சொன்னார். பிளீச் கதையை நான் என் கணவரிடம் சொன்னதே இல்லை.

நான் எதுவும் கேட்கவில்லை. மலரக்கா இருந்தால் என்ன சொல்வார் என்று தெரியும். கேட்டுவிட்டால் பிறகு அந்த மனிசனுக்கு ஆர் சமைச்சுக் குடுக்கிறது என்பார். இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றினேன். உள்ளே, மலரக்கா இத்தனை வருஷம் குளிப்பாட்டிய என் மாமனார், விழாத கையால் கட்டிலைத் தட்டி, மலர் வந்தாச்சா, மலர் வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.